ஒட்டினா போதாது, கீறணும்

நம்பர் பிளேட்டின் மூலையில் ஸ்பிரிட்டில் நனைத்த துணியை வைத்து அழுத்தித் தேய்க்கிறாள் லூவேனியா ஸ்டால்வொர்த். கார் அவளுடையது அல்ல. அடுத்த வீட்டுக்காரருடையது. குனிந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் என்பதால் பால் பாக்கெட் அடுக்கும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருக்கிறாள். தேய்த்து முடித்தபின் ஊதுகிறாள். பிறகு புதுப் பதிவு ஸ்டிக்கரை ஒட்டி, ஸ்பூனின் முதுகால் நீவுகிறாள். கடைசியாகக் கைப்பையிலிருந்து அட்டைப்பெட்டி அறுக்கும் கட்டர் வெளியே வருகிறது. தபால்தலை அளவு ஸ்டிக்கரில் குறுக்கே நாலு இழுப்பு, நெடுக்கே நாலு இழுப்பு. தகட்டில் பிளேடு உரசும் சத்தத்தில் பல் கூசும். அவளுக்குக் கூசாது.

கீறியானதும் நகத்தால் ஓரத்தை நெம்பிப் பார்ப்பாள். பொடித்துணுக்கு ஒன்றுதான் வரவேண்டும், முழுசாக வரக்கூடாது.

"இப்ப வந்து உரிக்கட்டும் அந்தப் பய. உக்காந்து பொறுக்கட்டும், அரிசியில கல்லு பொறுக்கற மாதிரி," என்பாள். அந்தப் பய யார் என்று அவளுக்குத் தெரியாது. தெரியாத ஒருவன்மேல் இவ்வளவு கோபத்தைச் சேர்த்து வைத்திருக்கும் மனுஷியை வலேஹோ ஊரில் வேறெங்கும் பார்க்க முடியாது.

கப்பல் பட்டறைத் தீவைப் பார்த்தபடி இறங்கும் சரிவில் இருக்கிறது அவர்கள் குடியிருப்பு. இரண்டு அடுக்கு, நடுவில் சிமெண்டு முற்றம், முற்றத்தில் வெட்டவெளியில் வண்டிகள். அங்கே நிற்கும் வண்டிக்காரர்களுக்கு அவள் சொல்லும் வணக்கமே "கீறினியா?" என்பதுதான். குழந்தை பிறந்த வீட்டுக்குப் பார்க்கப் போனாலும் அதைத்தான் முதலில் கேட்கிறாள். சிக்னலில் நிற்கும்போது பக்கத்து வண்டிக்காரனிடம் கண்ணாடியை இறக்கிக் கேட்டிருக்கிறாள். போன மாதம் சர்ச்சில் ஒரு சாவு. உள்ளே பாடகர் குழு உருகிக்கொண்டிருக்க, வெளியே இவள் வண்டி வண்டியாகக் கீறிக்கொண்டு வந்திருக்கிறாள். சவ ஊர்தியைக்கூட விடவில்லை. ஓட்டுநர் தடுத்தபோது, "உள்ள போறவருக்கு அவசரம் இல்ல கண்ணு. உனக்குத்தான் நாளைக்கு வேலை இருக்கு," என்றாளாம்.

மாடியில் இருக்கும் பிலிப்பைன்ஸ்காரப் பெண் நெனிதா போன வாரம் வகையாக மாட்டிக்கொண்டாள்.

"அக்கா, இப்பத்தான் ஒட்டினேன். பச்சைக் கலரு, பளிச்சுனு இருக்கு. அதைப் போயி கீறணுமா?"

"அழகு பாக்கணும்னா படம் வாங்கி சுவத்துல மாட்டு. ஒட்டினா போதாது கண்ணு, கீறணும். பழசையெல்லாம் சுரண்டிட்டுத்தானே ஒட்டின?"

"பழசு மேலயே ஒட்டிட்டேன்."

"பழசு மேலயா." லூவேனியா பெட்டியைக் கீழே வைத்தாள். "திருடனை வெத்தல பாக்கு வச்சுல்ல கூப்பிட்டிருக்க."

நெனிதா சிரித்தாள். இவள் சிரிக்கவில்லை. சமையலறையிலிருந்து கெட்டிலில் வெந்நீர் கொண்டுவரச் சொன்னாள். வருஷா வருஷம் பதிவுப் பணம் கட்டினால் வேறு நிறத்தில் ஒரு ஸ்டிக்கர் வரும்; அது இல்லாத வண்டியைப் போலீஸ் நிறுத்தும். ஜனங்கள் சோம்பல்பட்டு அதைப் போன வருஷத்து ஸ்டிக்கர் மேலேயே ஒட்டிவிடுவார்கள். நாலைந்து வருஷத்தில் அது அட்டை கனத்துக்கு வந்துவிடும். அப்புறம் திருடனுக்கு என்ன கஷ்டம்? அடியில் பிளேடைக் கொடுத்து நெம்பினால் அடுக்கு மொத்தமும் கையோடு வந்துவிடும். அதை அப்படியே இன்னொரு வண்டியில் ஒட்டலாம். அதனால்தான் தகடு தெரியும்வரை சுரண்டவேண்டும் என்கிறாள். வெந்நீர் ஊற்றி ஊற்றி நெனிதாவின் அஞ்சு வருஷத்தையும் அவள் சுரண்டி எடுத்தாள். நடுவில் ஒரு வார்த்தை சிரித்துப் பேசவில்லை.

எதற்காக இதைத் திருடுகிறார்கள் என்று கேட்டால் அவளுக்கு இன்னும் கோபம் வரும். புகைச் சோதனையில் தேறாத வண்டிக்கு அந்த மாநிலத்தில் ஸ்டிக்கர் கிடையாது. புகை விடுகிற வண்டி பழைய வண்டி. பழைய வண்டி வைத்திருப்பவன் இல்லாதப்பட்டவன். ரிப்பேர் பார்க்க வழியில்லாமல் அவன் போய் யாரிடம் திருடுவான்? குன்றின் மேல் வீடு கட்டியவர்கள் வண்டியை உள்ளே விட்டுப் பூட்டிவிடுகிறார்கள். வெட்டவெளியில் நிறுத்துகிறவனிடம்தான் திருடமுடியும். "நம்ம பாக்கெட்டுலேர்ந்து நம்ம ஆளு எடுத்து நம்ம ஆளுக்கே விக்கறான். மேல இருக்கறவன் ஜன்னல் வழியா பாத்துக்கிட்டு காப்பி குடிக்கிறான்," என்பாள். திருடினவன் ஜம்மென்று வண்டி ஓட்டிக்கொண்டு போகிறான். பறிகொடுத்தவள் வரிசையில் நின்று, மனு எழுதி, மறுபடி பணம் கட்டி, மறுபடி வாங்கவேண்டும். இதிலே போலீஸ் நிறுத்துவதும் பறிகொடுத்தவளைத்தான். என்ன நியாயமோ இது, எவன் கண்டுபிடித்த நியாயமோ.

லூவேனியாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. முதியோர் இல்லம் ஒன்றில் சமையல். உப்பில்லாத கஞ்சியை உப்பில்லாமலே ருசியாகக் காய்ச்சுவாள் என்று பெயர். எல்லாரையும் கண்ணு என்பாள். யாரைக் கண்ணு என்று சொல்லாமல் பேசுகிறாளோ அவர் அன்றைக்குக் கொஞ்சம் தள்ளி நிற்பது நல்லது. புருஷன் கிளெமென்ட் ஒரு காலத்தில் கப்பல் பட்டறையில் வெல்டர். இரண்டு சிறுநீரகமும் கைவிட்டபின் திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் டயாலிசிஸ். அங்கே ஒரு நாற்காலியில் நாலு மணிநேரம் உட்கார்ந்து எழுந்தால்தான் அடுத்த நாற்காலிவரை உயிர்.

போன மார்ச்சில் அவளும் பழசு மேலேயேதான் ஒட்டினாள். ஒட்டியதோடு விடவில்லை. மேலே நகப்பூச்சு பூசினால் பிசின் மாதிரி இறுகிக்கொள்ளும், எவனும் உரிக்கமுடியாது என்று சர்ச்சில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஈஸ்டருக்கென்று வாங்கி வைத்திருந்த தங்கப்பொடி மினுக்கும் பூச்சுதான் கையில் கிடைத்தது. அதை ஓரமெல்லாம் வழிய வழியப் பூசினாள். பூச்சு என்ன செய்தது? ஆறேழு வருஷத்து ஸ்டிக்கர்களைக் கட்டிச் சேர்த்து ஒரே பலகையாக்கிக் கொடுத்தது. திருடன் அப்பளத்தை எடுப்பதுபோல் அலுங்காமல் எடுத்துக்கொண்டு போய்விட்டான். "என்னை மாதிரி ஒரு முட்டாளுக்கு அவன் சம்பளமே குடுக்கணும்," என்று இப்போது அவளே சொல்வாள். வேறு யாராவது சொன்னால் விடமாட்டாள்.

தன் வண்டியின் பின்பக்கத்தைத் தினம் யார் பார்க்கிறார்கள்? அவளும் பார்க்கவில்லை. ஈஸ்டருக்கு முந்தின புதன்கிழமை, கிளெமென்டை டயாலிசிஸுக்கு அழைத்துப் போகும் வழியில், பின்னால் நீலமும் சிவப்புமாக விளக்கு சுழன்றது.

"மேடம், உங்க ஸ்டிக்கர் எங்க?"

"பின்னாடி இருக்கும் பாருங்க, சார்."

"பின்னாடி பாத்துட்டுத்தான் வரேன், மேடம்."

கிளெமென்ட் யாரும் கேட்காமலே, கையில் ஆயுதம் இல்லை என்று போலீஸுக்குத் தெரிய, இரண்டு கையையும் டாஷ்போர்டின் மேல் வைத்துவிட்டார். அவர் வயதுக் கறுப்பு மனிதருக்கு அதை யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. லூவேனியாவின் கைகள் ஸ்டியரிங் மேல். கைப்பையைத் திறந்து காகிதத்தை எடுக்கட்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் திறந்தாள். அன்றைக்கென்று பார்த்து அந்தப் போலீஸ்காரனின் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டது. அவன் வண்டிக்கும் இவர்கள் வண்டிக்குமாக நடந்தான். வெயில் ஏறியது. கிளெமென்ட் கையை எடுக்கவே இல்லை. கடைசியில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லி அவன் மன்னிப்பும் கேட்டான்.

"நல்ல பையன்தான். அதுதான் என்னால தாங்க முடியலை. கெட்டவனா இருந்திருந்தா அவனையாவது திட்டித் தீத்திருப்பேன்," என்பாள்.

போய்ச் சேர்ந்தபோது நாற்காலியை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். நாளைக்கு வாருங்கள் என்றார்கள். நாளைக்குள் கிளெமென்டின் நெஞ்சில் தண்ணீர் ஏறிவிட்டது. ஆம்புலன்ஸ், முகத்தில் முகமூடி, கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் குழாய்கள். ஈஸ்டர் அன்று அவர் கண் திறக்கவில்லை. பிழைத்தார். ஆனால் மீன்பிடிக்கக் கடலோரம் நடந்து போய்க்கொண்டிருந்த மனிதர் இப்போது கட்டிலிலிருந்து கழிப்பறை போகச் சுவரைப் பிடிக்கிறார். ஆஸ்பத்திரியில் காத்துக் கிடந்ததில் அவளுடைய விடுப்பெல்லாம் தீர்ந்தது. திங்களும் வெள்ளியும் வேலை முறையை மாற்றிக் கொடுத்தார்கள். புதன்கிழமை சரக்கு லாரி வரும் நாள். இன்னொரு புதன் அவள் வேலைக்கு வராவிட்டால் அப்புறம் வரவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

"எனக்குக் கோவம். பாஸ்டர் ஜெபம் பண்ணுன்னார். பண்றேன். பண்ணி எந்திரிச்சாலும் கோவமாத்தான் இருக்கு," என்றாள். அந்த வாரம்தான் கட்டர் கைப்பைக்குள் குடிபுகுந்தது. முதலில் தன் வண்டி. பிறகு முற்றம், தெரு, சர்ச். இந்த ஊரில் இன்னொருத்தியின் புருஷன் டாஷ்போர்டில் கை வைத்துக்கொண்டு உட்காரக்கூடாது என்பதுதான் அவள் கணக்கு.

புதன்கிழமைக்கு வழி பிறந்தது கீழ்வீட்டு ரோஸ்கோவால். கம்பளம் விரிக்கும் வேலைக்காரன், ஐம்பது வயதுக்காரன், தனி ஆள். கிளெமென்ட் வீடு திரும்பிய வாரம் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றான்.

"மிஸ் லூ, புதன்கிழமை நான் கூட்டிட்டுப் போறேன். நான் இருக்கற வரைக்கும் அந்த நாளை மறந்துடுங்க."

பெட்ரோலுக்குக்கூடக் காசு வாங்க மறுத்துவிட்டான். அவள் விடுவாளா? ஒவ்வொரு புதனும் ஒரு தட்டு, குழம்பில் ஊறிய கோழி, கீரை, சோளரொட்டி என்று அவன் வீட்டு வாசலுக்குப் போய்விடும். அவனும் சொன்ன சொல் தவறவில்லை. நாற்காலிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து கிளெமென்டோடு மீன் கதை பேசி, நாலு மணிநேரமும் இருந்து, கைத்தாங்கலாகத் திரும்பக் கொண்டுவந்து விடுவான். அவனுடைய பழைய நீல வண்டி இருமிக்கொண்டே கிளம்பும். நிறுத்தும்போது மட்டும் எப்போதும் பின்பக்கமாக வந்து, பூனை நுழைய இடமில்லாமல் சுவரை ஒட்டி நிறுத்துவான். வண்டி ஓட்டத் தெரிந்தவன் லட்சணம் அது என்று லூவேனியா நெனிதாவிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். கீறினாயா என்று அவனைக் கேட்டதற்கு, "அப்பவே கீறிட்டேன் மிஸ் லூ," என்றான். அந்த முற்றத்தில் வாய்ச்சொல்லை மட்டும் நம்பி அவள் விட்டுவைத்த ஒரே வண்டி அதுதான்.

இந்தப் புதன்கிழமை சுவரோரத்தில் யாரோ பழைய சோபா ஒன்றைத் தூக்கிப் போட்டிருந்தார்கள். ரோஸ்கோவுக்கு வேறு வழியில்லை. மூக்கு உள்ளேயும் வால் வெளியேயுமாக நிறுத்திவிட்டான். கிளெமென்டை முன்சீட்டில் உட்கார வைத்து, மடியில் போர்வையைப் போட்டுவிட்டு, அவர் மறந்துவிட்ட குளிர்த்தொப்பியை எடுத்துவர மாடிக்குப் போனான். லூவேனியாவும் வேலைக்குக் கிளம்பி இறங்கி வந்துகொண்டிருந்தாள். நம்பர் பிளேட் கண்ணில் பட்டது. ஸ்டிக்கரில் ஒரு கீறல்கூட இல்லை. சோம்பேறிப் பய, பொய் சொல்லியிருக்கிறான் என்று கட்டரை எடுத்துக்கொண்டே குனிந்தாள்.

அட்டை கனத்துக்கு இருந்தது. ஓரமெல்லாம் தங்கப்பொடி மினுங்கியது.

ரோஸ்கோ தொப்பியோடு வந்தான். அவள் நிற்கிற இடத்தைப் பார்த்ததும் நடை நின்றுவிட்டது.

"இது என்னுது," என்றாள். கண்ணு என்று சொல்லவில்லை.

"நான் எடுக்கலை, மிஸ் லூ. சத்தியமா எடுக்கலை. டயர் கடை ஓரத்துல ஒருத்தன் விப்பான். வண்டி புகைச் சோதனையில ரெண்டு தரம் தோத்துடுச்சு. ஓட்டலைன்னா வேலை இல்ல. காசு குடுத்து வாங்கினேன். யாரோடதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"எப்பத் தெரிஞ்சுது?"

அவன் தொப்பியைக் கையில் திருகினான். "ஈஸ்டர் அன்னிக்கு, சர்ச்சுல. பாஸ்டர் உங்க வீட்டுக்காரருக்காக ஜெபம் பண்ணச் சொன்னார். என்ன நடந்துச்சுன்னும் சொன்னார். அப்புறம் நீங்க எல்லாருக்கும் கை குடுத்துக்கிட்டே வந்தீங்க. எனக்கும் குடுத்தீங்க. நகம் மினுங்கிச்சு."

"அதனாலதான் புதன்கிழமையா."

"வாய் திறந்து சொல்லத் தைரியம் வரலை. ஓட்டவாவது ஓட்டலாமேன்னு."

"எத்தனை தட்டு சோறு தின்ன என் கையால." குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "வண்டி வண்டியா நான் குனிஞ்சு நிமிந்தேன். அந்தப் பய கெடைச்சா என்ன பண்ணுவேன்னு உன்கிட்டயே சொன்னேன். தலையைத் தலையை ஆட்டினியே. உன் வண்டியில ஒட்டியிருக்கறது ஸ்டிக்கர் இல்ல ரோஸ்கோ. என் புருஷன் நெஞ்சுல ஏறின தண்ணி."

"உரிச்சுடுங்க, மிஸ் லூ. உங்களுதுதானே."

உரிக்கத்தான் போனாள். பிளேடை அடியில் கொடுத்தாள். நகப்பூச்சு செய்த உபகாரம், மூலை நோகாமல் தூக்கிக்கொண்டது. இன்னும் ஓர் இழுப்பு இழுத்தால் அத்தனை வருஷமும் அவள் உள்ளங்கைக்கு வந்துவிடும். அந்த ஓர் இழுப்புக்காகத்தான் ஏப்ரலிலிருந்து அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

முன்சீட்டுக் கண்ணாடி இறங்கியது. கிளெமென்டின் கை வெளியே வந்து கதவைத் தட்டியது.

"லூ, என்ன பண்றீங்க ரெண்டு பேரும்? நேரமாச்சு. நாற்காலியை யாருக்காவது குடுத்துடுவாங்க."

நிமிர்ந்து பார்த்தாள். கதவின்மேல் அந்தக் கை. ஊசி குத்திக் குத்தி நரம்பு புடைத்த கை. மூலையில் ஒன்றும் இல்லாத பிளேட்டோடு இந்த வண்டி பெரிய சாலையில் ஏறினால், அந்தக் கை மறுபடி எங்கே போய் உட்காரும் என்று அவளுக்குத் தெரியும். அவளே ஓட்டிப் போகலாம். போனால் நாளைக்கு வேலை இருக்காது.

"லூ?"

"ஸ்டிக்கர் கீறாம இருக்கு, கிளெம். இதோ ஆச்சு."

தூக்கிக்கொண்டிருந்த மூலையைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினாள். பிறகு கீறினாள். குறுக்கே, நெடுக்கே, மறுபடி குறுக்கே. தங்கப்பொடி தெறித்தது. பல வருஷத்து நிறங்களும் கிழிந்து, அடியில் தகடு வெள்ளையாகத் தெரியும்வரை கீறினாள். ரோஸ்கோ முகத்தைத் திருப்பிக்கொண்டான். "பாரு," என்றாள் அவள். அவன் பார்த்தான்.

இனி அதை எவனாலும் உரிக்கமுடியாது. அவளாலும் முடியாது.

அவன் கையிலிருந்த தொப்பியைப் பிடுங்கிக்கொண்டுபோய்க் கிளெமென்டின் தலையில் மாட்டி, காதுவரை இழுத்துவிட்டாள். திரும்பி வந்தாள். ரோஸ்கோ ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து, சாவியைத் திருகாமல் கண்ணாடியில் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் உள்ளங்கையை விரித்து டிக்கியின் மேல் ஓங்கி ஓர் அறை விட்டாள்.

"எடு வண்டியை."